தலைகீழான ஆற்றுப்படை

மாலை நான்கு மணிக்கு விடுதி வாசலில் வண்டி வந்து நிற்கும். இரண்டு கோயில், ஓர் அரண்மனை, வழியில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று. இருட்டியதும் புல்வெளியில் ‘பாரம்பரிய நடனம்’. ஆட்டம் முடிவதற்குள் தட்டுகள் வந்துவிடும். ஒன்பதரை மணிக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். ஜெய்ப்பூரை அடுத்த சோக்கி தானியில் இந்த ஏற்பாடு ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நுழைவுச் சீட்டிலேயே ஆட்டமும் அடக்கம், சோறும் அடக்கம். அதன் சிறிய படிகள் இன்று இந்தியாவின் சுற்றுலா ஊர்கள் எங்கும் காணக் கிடைக்கின்றன.

இதை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமும் கொண்டுவந்தால் என்ன என்ற பேச்சு நம் நண்பர்களிடையே அவ்வப்போது எழுகிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டவர் உட்பட அடியார்கள் திருச்சுழிக்கு வருகிறார்கள். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. குண்டாறு இருக்கிறது, நீர் ஓடுகிற நாட்கள் குறைவு என்றாலும். மாலையில் ஒரு தேவராட்டம், ஒரு கரகாட்டம், பிறகு வாழையிலையில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் என்று வைத்தால் இந்த வானம் பார்த்த பூமிக்கு நாலு காசு வராதா? சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஊர்களில், இரண்டு தலைமுறையாகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறிப் போய்க்கொண்டிருக்கிற இளைஞர்களில், பத்துப் பேராவது ஊரிலேயே தங்கமாட்டார்களா?

இக்கேள்வியை எள்ளலோடு ஒதுக்கிவிடுவது எளிது. சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் வழக்கமாகச் செய்வதும் அதுதான். கலை பண்டமாகிறது என்று ஒரு வரி எழுதுவோம். மேலைநாட்டு ஆய்வாளர் ஒருவரின் பெயரைச் சேர்ப்போம். தேநீர் குடிக்கப் போய்விடுவோம். அந்த ஒரு வரியால் எந்த ஆட்டக்காரரின் வீட்டிலும் அடுப்பு எரிந்ததில்லை. ஆகவே நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்டத்துக்குக் காசு வாங்குவதை நாம் எதிர்க்கவில்லை. அயலார் வந்து பார்ப்பதையும் எதிர்க்கவில்லை. ஒருவர் ஆடுகையில் இன்னொருவர் அவர் முன்னால் உட்கார்ந்து உண்பதை எதிர்க்கிறோம். சுற்றுலா, நடனம், உணவு என்ற மூன்றும் அந்த மாலையில் எந்த வரிசையில், யார் யாருக்காக அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதே நமக்கு விவாதம்.

இம்மூன்றையும் சேர்த்துப் பேசிய இலக்கியம் தமிழில் ஏற்கெனவே உண்டு. ஆற்றுப்படை என்ற வகையே அதுதான். பத்துப்பாட்டில் இடம்பெறும் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாத்து நன்னன். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எந்த மலையைச் சுற்றிப் போகவேண்டும், எங்கே வழுக்கும், எந்த இடத்தில் இரவு தங்கலாம், யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மலைச் சிற்றூரில் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலத் தயங்காமல் நுழையலாம் என்கிறான். அங்கே நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள் என்கிறான். வழியும் உண்டு, காட்சியும் உண்டு, ஆட்டமும் உண்டு, விருந்தும் உண்டு. ஒரு பயண நிறுவனத்தின் நிகழ்ச்சிநிரலில் இருக்கவேண்டிய யாவும் அதில் இருக்கின்றன.

ஆனால் அங்கே பயணம் செய்கிறவர்கள் கூத்தர்கள். விருந்து கூத்தர்களுக்கு. வழியில் தென்படும் ஊர்களெல்லாம் அவர்களுடைய பசியை முதலில் விசாரிக்கின்றன. இன்றைய மாலைச் சுற்றுலாவில் பயணம் செய்கிறவர் பார்வையாளர். விருந்து பார்வையாளருக்கு. கூத்தர் சிற்றுந்தின் பின்னிருக்கையில் நெருக்கியடித்து வந்து, சமையற்கட்டின் பின்புறம் நின்று ஒப்பனை செய்து, ஆடி முடித்து, மிச்சமிருந்தால் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறார். இது ஆற்றுப்படையைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது.

சங்க காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆற்றுப்படைகளின் கூத்தரும் பாணரும் பசித்தவர்கள். ஒரு சிற்றரசனின் மனநிலையை நம்பி மலை ஏறியவர்கள். ஆயினும் கலைஞரின் பசி அங்கே பாட்டின் நடுவில் வைக்கப்பட்டது. இங்கே அது விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் வைக்கப்படுகிறது.

இந்தத் தலைகீழாக்கத்தை நட்சத்திர விடுதிகள் கண்டுபிடிக்கவில்லை. ஜமீன் மாளிகைகளிலும் செல்வர் வீட்டுத் திருமணங்களிலும் விருந்தின் ஓர் அங்கமாகச் சதிர் வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இருந்தது. வெள்ளை அதிகாரிகளை உபசரிக்கவும் அதுவே வழி. 1893-இல் சென்னையின் இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார் அத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் போகவேண்டாம் என்று வைஸ்ராய்க்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் செய்தார்கள். தாங்கள் பார்த்தவரையில் தவறாக ஒன்றும் இல்லை என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். அந்த விவாதத்தில் ஆடுகிற பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். உண்டுகொண்டு பார்த்தவரின் ஒழுக்கம் விவாதத்துக்கு வரவில்லை. 1936-இல் கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சதிர் பரதநாட்டியமாகி மேடை ஏறியது. பார்வையாளர் இருளில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கவேண்டிய கலையானது. யாரிடமிருந்து அது எடுக்கப்பட்டது என்ற கணக்கு இன்னும் தீரவில்லை என்றாலும், அரங்கு என்ற மரியாதை அந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது. கரகத்துக்கும் தப்புக்கும் உறுமிக்கும் அந்த மரியாதை வந்து சேரவில்லை.

அண்மைக்காலச் சான்று ஒன்று. 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு அவருக்கு அர்ச்சுனன் தபசையும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிக் காட்டினார். பொழுது சாய்ந்ததும் கடற்கரைக் கோயிலின் முன் கலாக்ஷேத்திரா கலைஞர்களின் நிகழ்ச்சி. அதன்பின் சாம்பாரும் ரசமுமாகத் தென்னாட்டு இரவு உணவு. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த மாலைச் சுற்றுலா அது. காட்சி, நடனம், விருந்து மூன்றும் அமைந்தது. இங்கே நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, அங்கே நடனம் முடிந்த பிறகே உணவு வந்தது. இரு நாட்டுத் தலைவர்களும் இருக்கையில் அமர்ந்து ஆட்டத்தை மட்டும் பார்த்தார்கள். இரண்டு, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அன்று ஒதுக்கப்பட்ட இடம் சென்னை விமான நிலைய வரவேற்பு. விருந்தினர் கடந்து போகும் வழியில் நின்று ஆடுவது அவர்கள் பங்கு. விருந்தினர் உட்கார்ந்து பார்ப்பது செவ்வியல் நடனத்தின் பங்கு. அமைச்சர் வருகைக்கும் கட்சி மாநாட்டுக்கும் கடைதிறப்புக்கும் நாம் தெருமுனையில் நிறுத்தி ஆடவைக்கும் அதே வழக்கம் அங்கே சர்வதேச அளவில் அரங்கேறியது.

இனி நம் கரிசலுக்கு வருவோம். இங்கே ஆடப்படும் ஆட்டங்கள் எவற்றின் பொருட்டுப் பிறந்தவை?

முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சட்டியில் எருவிட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, நீர் தெளித்து வளர்க்கிறார்கள். மாலைதோறும் சுற்றி வந்து கும்மி கொட்டுகிறார்கள். திருவிழா நாளில் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைக்கிறார்கள். அந்த ஆண்டு விதை எப்படி முளைக்கும் என்று நிலத்திடம் கேட்கும் சடங்கு அது. சக்திக் கரகம் நீர்நிலையிலிருந்து புறப்படுகிறது. நீருக்குத் தவிக்கும் ஊரில் நீர்க்குடத்தைத் தலையில் வைத்துக் கையால் பிடிக்காமல் ஆடுவது என்ன பொருள் தரும் என்று கரிசலில் பிறந்தவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் முதல் சிற்றூர்க் கொடைகள் வரை இத்திருவிழாக்கள் பங்குனி, சித்திரை, வைகாசியில் கூடுகின்றன. விளைச்சல் வீடு வந்து, நிலம் வெடித்துக் கிடந்து, அடுத்த மழைக்காக வானத்தைப் பார்க்கும் மாதங்கள் அவை.

தேவராட்டம் இராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். அதில் பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்று அவர்கள் அழைக்கும் உறுமியின் அடிதான் சொல். ஜக்கம்மா கோயில் விழாவிலும் திருமணத்திலும் கிழவரும் சிறுவனும் ஒரே வரிசையில் நின்று, கால் சலங்கையோடும் கைக்குட்டையோடும் ஆடுவார்கள். மெதுவாகத் தொடங்கும். ஓர் அடவிலிருந்து அடுத்ததற்குப் போக உறுமிக்காரரும் ஆடுவோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவேண்டும். வேகம் ஏறி உச்சத்துக்குப் போக நேரம் பிடிக்கும். அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால் தொடக்கம் போய்விடும். உச்சம் மட்டும் மிஞ்சும். பார்க்கிறவர் குதிப்பதைப் பார்ப்பார். அந்தக் குதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறியமாட்டார்.

சுருக்குவதே குற்றமா என்று கேட்கலாம். கொச்சிக் கோட்டையில் பல ஆண்டுகளாக மாலைதோறும் கதகளி நடக்கிறது. விடிய விடிய ஆடவேண்டிய கலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆனால் அங்கே ஒப்பனை இடுவதையே முதலில் வந்து பார்க்கச் சொல்கிறார்கள், முத்திரைகளை விளக்குகிறார்கள், பார்ப்பவர் அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒரு முகம் ஒரு தெய்வமாகவோ அரக்கனாகவோ மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதாவது அயலாருக்குத் தெரிந்துபோகிறது. சுருக்கத்தில் இழப்பு உண்டு. மரியாதை குறையவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊர்த் திருவிழாக்களிலும் காலம் சுருங்கித்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. விடிய விடிய என்ற சொல் இன்று பெரும்பாலும் நினைவுதான். ஆகவே நேரத்தை வைத்து நாம் சண்டைக்கு நிற்கவில்லை. தட்டை வைத்துத்தான் நிற்கிறோம்.

‘கலைஞருக்கு வருமானம் கிடைக்கிறதே, உங்களுக்கென்ன?’ என்ற கேள்வி மிக வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனிப் பொங்கல் காலம். அச்சாரம் வாங்கிய செட்டுகள் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2021-இலும் அதே கதை. ஆண்டில் நான்கைந்து மாதம் ஆடி, மற்ற மாதங்களில் கூலிவேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு இரண்டு பருவங்கள் அடுத்தடுத்துப் போயின. அப்போது விடுதிகளும் அழைக்கவில்லை, இலக்கியக் கூட்டங்கள் நடத்தும் நாமும் அழைக்கவில்லை. நாம் இணையவழியில் கூடி நாட்டார் வழக்காற்றியல் பேசினோம்.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். விடுதிப் புல்வெளியைப் பழிக்கும் நாம், கிராமத்துப் பந்தியைப் புனிதமாக்கிவிடக்கூடாது. விடிய விடிய நாதசுரமும் தவிலும் பம்பையும் தப்பும் வாசித்தவர்களுக்கு ஊர்ப்பந்தியில் இடம் இருந்ததா? தெய்வத்தை மேளம் அழைக்கவேண்டும். மேளக்காரர் இலை தனியே, ஒதுக்குப்புறத்தில் விழவேண்டும். இதுதான் பல ஊர்களின் மரபு. கரகம் ஆடிய பெண்ணின் உடையில் பணத்தாளைக் குத்தியவர்கள் அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அல்லர். இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்து நாட்டுப்புறப் பாடலையும் ஆட்டத்தையும் பல்கலைக்கழகம்வரை கொண்டுசென்ற கே. ஏ. குணசேகரன் (1955–2016), தம் தன்வரலாறான ‘வடு’வில் அந்த மண்ணின் சாதி அவமதிப்புகளை எழுதிவைத்துப் போயிருக்கிறார். நம் கரிசலில் ஆட்டத்தை அறிந்த மனிதர் அந்த ஆட்டத்தோடு சேர்த்து எதையெல்லாம் அறிந்திருந்தார் என்பதற்கு அது சாட்சி.

அதனால்தான் சொல்கிறோம்: உண்டுகொண்டே பார்க்கும் அந்த மேசையை விடுதி நம்மிடமிருந்துதான் கற்றது. ஜமீன் முற்றத்திலும் ஊர்ச்சாவடியிலும் நாம் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த மேசை அது. விடுதி அதன்மீது வெள்ளைத் துணியை விரித்தது, அவ்வளவுதான்.

நகரத்து இலக்கியவாதிகளாகிய நம் பங்கும் இதில் உண்டு. 1970-களில் ந. முத்துசாமி தெருக்கூத்தைப் பற்றிச் சிற்றிதழ்களில் எழுதினார். 1977-இல் கூத்துப்பட்டறை தோன்றியது. அந்தப் பெருமையை நாம் இன்றும் பேசுகிறோம். அவர் கூத்தரிடம் போய் உட்கார்ந்து கற்றார். பின்வந்த நாமோ கூத்தரை நம் புத்தக வெளியீட்டுக்கு அழைத்தோம். விருந்தினர் வந்து சேரும்வரை வாசலில் பறை அடிக்கச் சொன்னோம். ‘சிறப்புரை தொடங்கிவிட்டது, நிறுத்துங்கள்’ என்று கை காட்டினோம். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நம் அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது? ‘பறையிசை’ என்று ஒரு வரி இருக்கும். பெயர் இருக்காது. மண்டபத்தில் மதிய உணவு பரிமாறியபோது அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நம்மில் யாருக்கேனும் நினைவிருக்கிறதா?

அப்படியானால் திருச்சுழிக்கு வருகிறவர்களுக்கு மாலையில் ஒன்றுமே வேண்டாமா? வேண்டும். இப்படி வேண்டும்.

ஆட்டத்தைத் தேடி விருந்தினர் போகட்டும். பங்குனியில் பொங்கல் எந்த ஊரில், ஆடியில் முளைப்பாரி எந்த ஊரில் என்று நாட்காட்டி ஒன்று போடுங்கள். அந்த ஊர் சம்மதித்தால், அந்த நாளில், அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவர்கள் பார்க்கட்டும். திருவிழா இல்லாத மாதங்களில் ஆட்டம் வேண்டுமென்றால், ஒரு மண்தரையைச் சமன்செய்து, சுற்றிலும் பாய் விரித்து, தனி நிகழ்ச்சியாக வையுங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒரே ஆட்டம். நான்கு ஆட்டத்தைப் பொடியாக நறுக்கிக் கலக்காதீர்கள். ஆடுவோர், வாசிப்போர் எல்லோருடைய பெயரும் ஊரும் முதலில் சொல்லப்படவேண்டும். செட்டுக்குப் பேசிய தொகை எவ்வளவு, இடைத்தரகருக்குப் போனது எவ்வளவு என்று கேட்டால் சொல்லத்தக்கதாக இருக்கவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று விருந்தினரிடம் வாங்கும்போது கணக்குத் தெரிகிறது; ஆட்டக்காரருக்குக் கொடுக்கும்போது மட்டும் அது ஏன் ‘அன்பளிப்பு’ ஆகிறது?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் நடக்கையில் யாரும் உண்ணக்கூடாது. ஆட்டம் முடிந்து, வியர்வை ஆறி, முகம் கழுவிய பிறகு ஒரே பந்தி. உறுமிக்காரர், கரகம் ஆடியவர், வண்டி ஓட்டியவர், அயலூரார், உள்ளூரார் யாவருக்கும் ஒரே வரிசை, ஒரே குழம்பு. முதல் இலை ஆடியவருக்கு. இது வெறும் நல்லெண்ணம் அன்று. பணம் கொடுத்து வரும் வேற்றூரார் முன்னால் இப்பந்தி ஒருமுறை நடந்துவிட்டால், அடுத்த ஆண்டுத் திருவிழாவில் மேளக்காரருக்குத் தனியிலை போட ஊருக்குக் கை கூசும் என்று நம்புகிறோம். கூசாவிட்டாலும், ஏன் கூசவில்லை என்று கேட்க ஒரு சாட்சியாவது இருக்கும். சுற்றுலாவால் கரிசலுக்கு நாலு காசுக்கு மேல் ஏதேனும் கிடைக்கக்கூடும் என்றால் அது இதுதான்.

இதற்கு விடுதிக்காரர்கள் சம்மதிக்கமாட்டார்கள், இவ்வளவு நிபந்தனையோடு தொழில் நடக்காது என்பார்கள். நடக்காவிட்டால் போகட்டும். இந்த நிபந்தனைகளில் பணச்செலவு பிடிப்பது ஒன்றுதான்: நியாயமான கூலி. மற்றவற்றுக்குச் செலவாவது சாதி மானமும் முதலாளி மிடுக்கும் மட்டுமே.

கடைசியாக, திருச்சுழிக்கு ரமணரைத் தேடி வருகிறவர்களுக்கும் அவர்களை அழைத்து வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள். நடராசர் வீதியுலா முடித்துக் கோயிலுக்குத் திரும்பும் வேளையில், நள்ளிரவு கடந்து அவர் பிறந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆடுகிற கடவுள் ஊரைச் சுற்றி வருகிற நாள் அது. அந்த நாளுக்கென்று ஓர் உணவும் உண்டு: திருவாதிரைக் களி. தரிசனம் முடிவதற்குமுன் யாரும் அதை உண்பதில்லை. முதலில் ஆடியவருக்குப் படைக்கிறார்கள். பிறகுதான் மற்றவர்கள் உண்கிறார்கள்.

கல்லிலும் செம்பிலும் ஆடுகிறவருக்கு நாம் தவறாமல் காட்டும் இந்த ஒழுங்கை, கரிசல் வெயிலில் வெறுங்காலோடு ஆடுகிறவருக்கும் காட்டவேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம்.